பக்கேஜை உடைக்க முடியாது, அன்ரி

இரத்தப் பரிசோதனை விஷயத்தில் ரொறன்ரோவைவிடத் திருகோணமலை எவ்வளவோ சுலபம். அங்கே வைத்தியரின் கடிதம் இல்லாமல் ஊசி கிட்டவும் வராது. இங்கே காசைக் கட்டிவிட்டுக் கையை நீட்டலாம். இதைப் புகழ்ந்து எழுதத்தான் இருந்தேன், அந்தக் குளுக்கோஸ் கோப்பை வரும்வரை.

மெலிவதற்காக இரைப்பையில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்த பிறகு மளமளவென்று இறங்கிய என் நிறை, கொஞ்சக் காலமாக ஒரே இடத்தில் நிற்கிறது. பலருக்கும் வருவதுதான். உடம்பு சிறுத்தால் அதற்கு வேண்டிய சக்தியும் குறையும். கொழுப்போடு தசையும் கரைந்திருந்தால் இன்னும் குறையும். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சாப்பிடு, பாரம் தூக்கிப் பயிற்சி செய், இரும்புச்சத்தும் விற்றமின் பீ12உம் தைரொயிட்டும் பார்த்துக்கொள் என்றார் அங்குள்ள வைத்தியர். புரதத்துக்கு ஊரில் மீன் இருக்கிறது. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில்வரை இம்முறை எங்கும் உட்காராமல் ஏறினேன். மாமிக்கு அதெல்லாம் கணக்கில்லை. "வயிற்றை வெட்டியும் மெலியக் காணோமே" என்கிறார்.

ஆய்வுகூட வாசலிலேயே தராசு. ஏறியதும் அங்கிருந்த பிள்ளை, "தொண்ணூற்றொரு கிலோ" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லி எழுதினாள். ரொறன்ரோவில் கதவைச் சாத்திவிட்டுத்தான் நிறை பார்ப்பார்கள். வாங்கில் இருந்த ஒரு ஐயா, "வெளிநாட்டுச் சாப்பாடு" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார்.

நான் கேட்டது மூன்று பரிசோதனைகள். முழு உடல் பக்கேஜ் மலிவு என்றாள், சரி என்றேன். இரத்தம் எடுத்த கையோடு, பக்கேஜில் உள்ள சீனிப் பரிசோதனைக்கென்று பெரிய கோப்பை ஒன்றை நீட்டினாள். 300 மில்லிலீற்றர் தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸ், ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். அடியில் கரையாத மா வெள்ளையாகப் படிந்திருந்தது.

"எனக்கு இது ஆகாது, பிள்ளை. பைபாஸ் செய்தவள்."

"இதயத்திலா, அன்ரி?"

"வயிற்றில்."

மேலும் கீழும் பார்த்தாள். தொண்ணூற்றொரு கிலோவை எழுதியவள் அவள்தானே.

"தேசிக்காய் பிழிந்து தரட்டுமா?"

பைபாஸ் செய்தவர்களுக்கு உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தொடாமல் சிறுகுடலுக்குப் போய்விடும். இவ்வளவு இனிப்பு அங்கே ஒரேயடியாக இறங்கினால் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு கலக்கும், மயக்கமும் வரலாம். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பக்கேஜை உடைக்க முடியாது, அன்ரி. கம்பியூட்டர் விடாது" என்றாள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வயதான பரிசோதகர் ஒருவர் வந்தார். "எந்த பைபாஸ்?" என்று ஒரே கேள்வி. பதிலைக் கேட்டதும் கோப்பையைத் தானே வாங்கித் தொட்டியில் ஊற்றினார். எடுத்த இரத்தத்திலேயே எச்பீஏ1சீ பார்க்கலாம், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அதில் தெரியும் என்றார். "இரும்பு குறைந்திருந்தால் அந்தக் கணக்குப் பிசகலாம். அதையும் உங்கள் வைத்தியருக்குச் சொல்லுங்கள்." ரொறன்ரோவில் எவரும் எனக்குச் சொல்லாத விஷயம் அது.

பில்லிலிருந்து மட்டும் குளுக்கோஸ் நீங்கவில்லை. கம்பியூட்டர் விடவில்லையாம். அறிக்கை மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது: இரும்பு குறைவு. இந்தச் சிகிச்சை செய்துகொண்டு ஊருக்குப் போகிறவர்கள் பக்கேஜ் பக்கம் போகாமல் வேண்டியதைத் தனித்தனியாகக் கேளுங்கள். பைபாஸ் வயிற்றில் என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.