பழைய வீட்டை விற்க யாரை வைத்து அளப்பது: தாலுகா சர்வேயரா, தனியார் சர்வேயரா?

பத்திரத்தில் 1,200 சதுர அடி. நகர நில அளவைப் பதிவேட்டில் 103 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,109 சதுர அடி. தமிழ்நாட்டு ஊர்களில் பழைய வீட்டு விற்பனை பல நேரம் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. மீதி 91 சதுர அடி எங்கே என்று வாங்குபவர் கேட்கிறார். கடன் கொடுக்கும் வங்கியும் பெரும்பாலும் குறைந்த அளவையே கணக்கில் எடுக்கும்.

அந்த 91 அடியை யாரும் திருடியிருக்க வேண்டியதில்லை. 20 அடி அகலம், 60 அடி நீளம் உள்ள வீட்டில் இரு பக்கமும் ஒன்றரை அடிக் கனத்தில் பொதுச்சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் எழுதியவர் சுவரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு அளந்திருப்பார். சர்வேயர் சுவரின் நடுவில் கோடு போட்டிருப்பார். பக்கத்துக்கு 9 அங்குலம் போனால் அகலம் பதினெட்டரை அடி. அதை 60 ஆல் பெருக்கினால் 1,110 வருகிறது. இதைத் தாளில் வரைந்து காட்டினாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். தெருப் புறம்போக்கில் நீட்டிக் கட்டிய திண்ணையைப் பத்திர அளவில் சேர்த்திருந்தால் அது வேறு கதை. அந்த இடத்தை விற்க உங்களுக்கு உரிமையே இல்லை.

முதலில் தனியார் சர்வேயர். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வைத்து அளப்பவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். சுவர், சந்து, கிணறு, சன்ஷேடு என்று தரையில் இருப்பதையெல்லாம் அங்குலக் கணக்கில் வரைந்து தருவார், அதுவும் சீக்கிரமாக. வீட்டுக்குள் தடுப்புச் சுவர்கள் குறுக்கே நிற்பதால் டேப்பை நேராக இழுக்க முடியாத பழைய வீடுகளுக்கு இந்தக் கருவி மிகவும் உதவும். ஆனால் அவர் நடும் கல்லுக்கு அரசு அளவையின் மதிப்பு கிடையாது. அவர் வரைபடத்தைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாதாட முடியாது.

அதற்குத் தாலுகா சர்வேயர்தான் வேண்டும். எஃப்-லைன் அளவைக்கு, அதாவது பதிவேட்டு எல்லையைத் தரையில் அளந்து காட்டுவதற்கு, 2023 நவம்பர் முதல் அரசின் தமிழ்நிலம் இணையதளத்திலேயே மனுப் போட்டுக் கட்டணமும் கட்டலாம். தாலுகா அலுவலகத்துக்கு அலைவது குறைந்திருப்பது உண்மையிலேயே பெரிய நன்மை. அளக்கும் தேதி கைப்பேசிக்கு வரும். முடிந்ததும் கையொப்பமிட்ட அறிக்கையை இறக்கிக்கொள்ளலாம்.

குறை எங்கே என்றால், பதிவேட்டில் இருக்கும் எல்லையை மட்டுமே அவர் காட்டுவார். கூட்டுப்பட்டாவில் உங்கள் பங்கு தனி எண்ணோடு உட்பிரிவு ஆகவில்லையென்றால் அவர் காட்டுவதற்குக் கோடே இல்லை. முதலில் உட்பிரிவுக்கு மனுப் போட வேண்டும். ஊருக்குள் பழைய சர்வே கற்கள் சாலைக்கு அடியில் புதைந்திருக்கும். எந்தக் கல்லை ஆதாரமாகப் பிடித்தார் என்பதைப் பொறுத்துக் கோடு நகரலாம். அதனால் எந்தக் கல்லிலிருந்து அளந்தார் என்று கேட்டு, அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் இறக்கிய புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்) ஸ்கேல் வைத்து அளந்து சண்டைக்குப் போகவே கூடாது. 1:1000 படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர். அரை மில்லிமீட்டர் கோட்டின் கனமே 20 அங்குலம் ஆகிவிடும். பிரிண்டர் தாளுக்கு ஏற்றபடி சுருக்கியிருந்தால் அந்த அளவும் பொய். படத்தில் எழுதியிருக்கும் எண்களை மட்டும் நம்புங்கள், அவை மீட்டரா லிங்க்ஸா என்று பார்த்துவிட்டு. 100 லிங்க்ஸ் என்பது 66 அடி. வீடு கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருந்தால், நத்தம் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பத்திரத்தையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். பழைய ஆவணங்களில் தச்சு முழம் வரும். அது பொதுவாக 33 அங்குலம். 8 தச்சு முழம் என்பது 22 அடி. சாதாரண முழம் என்று நினைத்தால் 12 அடிதான் வரும். 1979 முதல் 1987 வரை நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்துக்கு முந்தைய பத்திரமென்றால் உட்பிரிவு எண் மாறியிருக்கலாம். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இரண்டு அளவையும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. தனியார் அளவை முதலில், அரசு அளவை அடுத்து, இரண்டும் அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்னால். அட்வான்ஸ் வாங்கிய பிறகு 90 சதுர அடி குறைந்தால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். பத்திரத்தில் உள்ள அளவும், நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லும் நான்கு எல்லையும் முரண்பட்டால் நான்கு எல்லைக்கே முன்னுரிமை என்பது நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்ளும் நிலை. ஆனாலும் அதை நம்பி அளக்காமல் விட்டால் வாங்குபவரின் வங்கி காத்திருக்காது. ஒப்பந்தத்தில் விலை மொத்தமாகவா, அளந்து வரும் சதுர அடிக்கா என்பதை ஒரே வரியில் தெளிவாக எழுதி, அளவை அறிக்கையின் நகலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு அதோடு சேர்த்து வையுங்கள்.