காசிமேடு மீனா, பர்மா பஜார் அத்தோவா?

வடசென்னை கடற்கரை பக்கம் சுத்த வந்தா எங்க சாப்பிடறதுன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது, காலைலன்னா காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல மீன், சாயங்காலம்னா பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் பின்னாடி அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். காசிமேட்டுல மீன் அப்பதான் போட்டுலேருந்து எறங்கிருக்கும், சங்கராவ மசாலா தடவி கல்லுல போட்டா ஓரமெல்லாம் மொறுமொறுன்னு வரும், ஆனா ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம், பெரிய மீன் கம்மி, வெலையும் ஏறிடும். அத்தோவுக்கு அந்த கவலையே இல்ல. 1960கள்ல பர்மாலேருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டாந்தது, நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாம் போட்டு கையாலயே பெசஞ்சு தருவாங்க, குடிக்க சூடா வாழத்தண்டு சூப்பு. முட்டைய கீறி உள்ள வெங்காயம், பூண்டெண்ணெய் வச்சு தர்றத மட்டும் விட்டுடாதீங்க. எனக்கு ஒண்ணுதான்னா அத்தோதான்.