12 பிளக், 26,400 ரூபா: பழைய பென்ஸ் வெச்சிருக்கிற மட்டக்களப்பு ஆக்கள் வாசிச்சிட்டுப் போங்க

கோவத்தோடதான் எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கோங்க. ஒன்லைன்ல எனக்குப் போலிப் பிளக் வித்தவன் நேத்து ராத்திரிதான் என்னை வட்ஸ்அப்பில புளொக் பண்ணினான். 26,400 ரூபா. ஸ்பார்க் பிளக்குக்கு! கடைசியில என்னென்ன பாத்து வாங்கோணும் எண்டு விளக்கமாப் போடுறன். முதல்ல கதையைக் கேளுங்க.

வண்டி என்ட இல்ல. சுவிஸில இருக்கிற மாமா விட்டுட்டுப் போன பழைய பென்ஸ், எஸ்.எல்.கே. 320. ரெண்டு சீட், பட்டனை அமத்தினாக் கூரை மடிஞ்சு டிக்கிக்குள்ள போற வண்டி. "சும்மா கிடந்தாப் பழுதாப் போயிரும் மனே, ஓட்டிப் பாத்துக்க" எண்டு சாவியைத் தந்துட்டு பிளேன் ஏறிட்டார். செலவு என்ட தலையில. அதாலதான் கல்யாணப் போட்டோஷூட்டுக்கு வாடகைக்கு விடுறன். மாப்பிள்ளை ஓட்டுவார், பொம்புளை பக்கத்தில இருப்பா, டிரைவருக்கு இடமில்ல. பின்னால மோட்டர்சைக்கிள்ள வாயைப் பாத்துக்கொண்டு போறது நான்தான்.

ரெண்டு மாசமா வண்டி நிண்ட இடத்தில ஒரு நடுக்கம். காத்தான்குடியில எங்கட வண்டி பாக்கிற மெக்கானிக் நானா, "பிளக் முடிஞ்சு தம்பி, மாத்துங்க" எண்டார். ஆறு சிலிண்டர், ஆறு பிளக் தானே எண்டு நான் நினைச்சன். நானா சிரிச்சார். இந்த எஞ்சின்ல ஒரு சிலிண்டருக்கு ரெண்டு பிளக்காம். மொத்தம் 12. அதுவும் சாதாரணப் பிளக் இல்ல, பிளாட்டினம். கொழும்பில விசாரிச்சா ஒண்டு 4,500 எண்டாங்க. 12ஆல பெருக்கிப் பாருங்க. மாமாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னன். "பிளக்குக்கு 54 ஆயிரமோ? நீ என்ன பிளேனா ஓட்டுற?" எண்டு வெச்சிட்டார்.

மறுகாதான் நான் ஒன்லைன்ல தேட வெளிக்கிட்டன். பழைய சாமான், புது சாமான் எல்லாத்துக்கும் விளம்பரம் போடுற ஒரு தளம் இருக்குத்தானே, அதில. "ஐரோப்பிய வாகனப் பார்ட்ஸ், 100 வீதம் ஒறிஜினல்", ஒரு பிளக் 2,200. நம்பர் இருந்திச்சு, வட்ஸ்அப்பில எழுதினன்.

நான் விழுந்த இடம் இதுதான், வடிவா வாசிங்க. அவன் காசைப் பத்திக் கதைக்கவே இல்ல. "சேஸி நம்பர் அனுப்புங்க அண்ணன், செக் பண்ணாம நான் சாமான் குடுக்கிறல்ல" எண்டான். அனுப்பினன். ரெண்டு நிமிசத்தில, "2001 மொடல், 3.2 எஞ்சின், 12 பிளக் வேணும், சரியா?" எண்டு கேட்டான். எனக்கே போன கிழமைதான் தெரிஞ்ச விசயம்! ஆள் தொழில் தெரிஞ்சவன் எண்டு நினைச்சிட்டன். பிறகு "எந்த ஊர் அண்ணன்?" எண்டான். மட்டக்களப்பு எண்டன். உடனே கோல் எடுத்தான். "அட, நானும் மட்டக்களப்புத்தான்! அம்மாட வீடு கல்லடி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வருவன், அப்ப உங்களையும் சந்திக்கிறன்." மாமாங்கம் எண்ட சொல்லோட எனக்குப் புத்தி மழுங்கிட்டு. அண்டைக்குப் பின்னேரமே 26,400ஐயும் வங்கியில போட்டு ஸ்லிப்பைப் படம் பிடிச்சு அனுப்பினன். மனிசி, "முதல்ல ரெண்டு எடுத்துப் பாருங்களன்" எண்டவ. கேக்கல்ல.

மூணாம் நாள் கூரியர்ல வந்திச்சு. 12 பெட்டி, எல்லாத்திலயும் என்.ஜி.கே. எண்டு அச்சு. பெட்டி நல்ல பெட்டிதான், குறை சொல்ல ஏலாது. நானா உம்றாவுக்குப் போயிருந்தார். ஞாயித்துக்கிழமை ஷூட் இருந்ததால அவர்ட கராச்சில வேலைக்கு நிண்ட பொடியனை வெச்சே மாத்தினம். வயர்த் தொப்பி கழட்டுறதுக்கே ஒரு பகல் போயிட்டு. இழுத்தா வராது, 17 ஸ்பேனரைக் கொழுவி மெல்ல நெம்போணும். அப்படி 12 தரம். கட்டை விரல்ல தோல் இல்ல. ஸ்டார்ட் பண்ணினா வண்டி பூனை மாதிரி நிண்டிச்சு. சந்தோசத்தில அவனுக்கு நன்றி எண்டு மெசேஜும் போட்டன், கேட்டுக்கோங்க.

ஞாயிறு விடியப் பாசிக்குடாவுக்கு வெளிக்கிட்டம். வந்தாறுமூலை தாண்டிக் கும்புறுமூலைச் சந்திக்குக் கிட்டப் போகக்குள்ள முன்னால போன வண்டி குலுங்குது. மாப்பிள்ளை கையைக் காட்டுறார். போய்ப் பாத்தா எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியுது. அது எரிஞ்சு கொண்டே நிண்டா மெதுவா வீடு போய்ச் சேரலாம். விட்டு விட்டு எரிஞ்சா ஓட்டவே கூடாது, எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுப் போடும். அது போனா 26,400 இல்ல, லட்சக் கணக்கு. நிப்பாட்டிட்டன். பொம்புளையும் மாப்பிள்ளையும் கூறைச்சேலை, வேட்டியோட ஓட்டோவில பாசிக்குடா போனாங்க. அந்த ஓட்டோப் படம்தான் அல்பத்திலயே நல்லா வந்திருக்காம். எனக்கு அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்க வேண்டி வந்திச்சு.

நானா வந்து ஒண்டைக் கழட்டிப் பாத்தார். பாத்த உடனே ஒண்டும் சொல்லல்ல. குப்பைக்குப் போட்ட பழைய பிளக் ஒண்டை எடுத்து ரெண்டையும் என்ட உள்ளங்கையில வெச்சார். பழசில நடுக்கம்பி நுனியிலயும், மேல வளைஞ்ச கம்பியிலயும் கடுகை விடச் சின்னதா ஒரு பொட்டு ஒட்டிக் கிடக்கு. அதுதான் பிளாட்டினம். புதுசில வெறும் நிக்கல், பொட்டும் இல்ல ஒண்டும் இல்ல. மறுகா மின்தடை அளக்கிற மீட்டரை எடுத்து மேல் நுனியில ஒண்டு, நடுக்கம்பியில ஒண்டு வெச்சார். பழசு 5 கிலோ ஓம் பக்கம் காட்டிச்சு. புதுசு பூச்சியம். என்.ஜி.கே. பிளக் நம்பர்ல ஆர் எழுத்து இருந்தா உள்ளுக்கு ரெசிஸ்டர் இருக்கோணுமாம். எழுத்து இருக்கு, சாமான் இல்ல. நம்பர் முடிவில 11 எண்டா ரெண்டு கம்பிக்கும் இடைவெளி 1.1 மில்லிமீற்றர். கேஜ் போட்டா ஒண்டில 0.8, இன்னொண்டில 1.3. கடைசியாப் பெற்றோல் துணியால வெள்ளைப் பீங்கானைத் துடைச்சார். எழுத்து கழண்டு துணியில வந்திச்சு. "தம்பி, இதை எங்க எடுத்த?" எண்டார். எனக்கு வாய் வரல்ல.

அவனுக்கு எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பினன். முதல் பதில்: "உங்கட மெக்கானிக் அளவுக்கு மிஞ்சி டைட் பண்ணியிருப்பார் அண்ணன்." ரெண்டாவது: "வீடியோ கிளியர் இல்ல." வெளிச்சத்தில வெச்சுத் திரும்ப எடுத்து அனுப்பினன். மூணாவது: "போட்ட சாமான் திருப்பி எடுக்கிறல்ல." போடாம எப்படியடா பிழை எண்டு கண்டுபிடிக்கிற? நாலாவது: "முதலாளி வெளியூர், வெள்ளிக்கிழமை கதைப்பார்." வெள்ளி ரெண்டு தரம் வந்து போயிட்டு. கல்லடியில அம்மாட வீடு எந்த ஒழுங்கை எண்டு கேட்டன். நீலச் சரி விழுந்திச்சு, பதில் இல்ல. நேத்து ராத்திரி அவன்ட படமும் காணாமப் போயிட்டு.

விளம்பரத் தளத்துக்கும் முறைப்பாடு போட்டன். "உங்கள் கருத்துக்கு நன்றி" எண்டு மெசின் பதில் அனுப்பிச்சு.

இண்டைக்குக் காலமை வவுனியாவில இருக்கிற கூட்டாளியைக் கொண்டு அதே நம்பருக்கு எழுதச் சொன்னன், வேற வண்டி ஒண்டுக்கு. "சேஸி நம்பர் அனுப்புங்க அண்ணன், செக் பண்ணாம நான் சாமான் குடுக்கிறல்ல." பிறகு, "எந்த ஊர்?" பிறகு, "அட, நானும் வவுனியாதான்! அம்மாட வீடு குருமன்காடு." ஸ்கிரீன்ஷொட்டைப் பாத்திட்டு அரை மணித்தியாலம் அப்படியே இருந்தன். 26,400 போனதை விட அந்த அம்மாட வீடுதான் சுடுது.

சரி, சொன்ன மாதிரி ஆலோசனை. இருந்து எழுதுற நிலையில நான் இல்ல, கெதியாச் சொல்றன். மீட்டர் வெச்சுப் பாக்காம ஒரு பிளக்கையும் எஞ்சினுக்குள்ள இறக்காதீங்க. முழுக்காசையும் முன்கூட்டி வங்கியில போடாதீங்க, சாமானைப் பாத்துட்டுக் குடுங்க. பென்ஸ் பெட்டியில வாறதையும் பொஷ், என்.ஜி.கே. மாதிரிக் கம்பெனிகள்தான் செஞ்சு குடுக்கிறாங்க, அதால பென்ஸ் பெட்டி இல்லாம அதே பிளக்கை வாங்கினாக் கொஞ்சம் மலிவு. ஆனா பாதி விலைக்கு வராது. ரிசிட் இருந்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 அடிச்சு முறைப்பாடு சொல்லலாம். என்னட்ட வங்கி ஸ்லிப்தான் இருக்கு, அதோட போகப் போறன்.

நாளைக்கு இரவு பஸ்ஸில கொழும்பு, விடிய பார்ட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தை. நானா தன்ட மீட்டரைத் தந்து விட்டிருக்கார். மாமாவுக்கு இன்னும் சொல்லல்ல. விளம்பரம் இப்பவும் கிடக்கு, விலை 1,950க்கு இறங்கியிருக்கு.