காலேஜ்வில் சனிக்கிழமை மேட்ச்: ஃபுட்பால் தெரியாதவன் எழுதுற ரிவியூ

மினியாப்பொலிஸ் வந்து ஆறு வருஷம் ஆச்சு, இந்த அமெரிக்கன் ஃபுட்பால் மட்டும் எனக்கு ஒட்டவே இல்ல. டிவில போட்டா ஆட்டத்த விட விளம்பரம்தான் ஜாஸ்தி. கூட வேலை பாக்குறவரு ஒருத்தரு காலேஜ்வில்ல இருக்குற செயின்ட் ஜான்ஸ் காலேஜ்ல படிச்சவரு, "டிவில பாத்துட்டு பேசாத, ஒரு சனிக்கிழமை என்கூட வந்து பாரு"ன்னு ரொம்ப நாளா நச்சரிச்சிட்டு இருந்தாரு. சரின்னு போன அக்டோபர்ல போனேன். பாதி மேட்ச் ரிவியூ, பாதி அந்த காலேஜ் டீமோட 2003 சீசன் பத்தி அவரு சொன்ன கத, கலந்துதான் வரும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

இடம் மினியாப்பொலிஸ்ல இருந்து 94ம் நம்பர் ஹைவேல வடமேற்கா ஒன்றரை மணி நேரம், செயின்ட் கிளவுட் தாண்டி. காலேஜ்வில்னு பேருதான், ஊருன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, காடு, ஏரி, பெனடிக்டைன்ங்குற கத்தோலிக்க சாமியாருங்க மடம், அவங்க நடத்துற ஆம்பள பசங்க காலேஜ், அவ்ளோதான். ரெண்டாயிரம் பசங்க கூட கிடையாது. மைதானம் பேரு கிளெமன்ஸ் ஸ்டேடியம், குழி மாதிரி பள்ளத்துல இருக்கு, சுத்தி மரம். அக்டோபர்ல இலையெல்லாம் மஞ்சளும் செவப்புமா நிக்கும்போது மேல இருந்து எறங்கி வந்தா, மேட்ச் நடக்கலைன்னாலும் பரவால்ல, உக்காந்துட்டு வந்துரலாம்னு தோணுச்சு.

பார்க்கிங்லயே கார் டிக்கிய தொறந்து வெச்சு அடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டுட்டு இருந்தாங்க. தாத்தா பாட்டி, கைக்குழந்தை, பழைய ஸ்டூடன்ட்ஸ்னு எல்லாருமே செவப்பு டிரஸ்ல, கிட்டத்தட்ட நம்ம ஊரு திருவிழாதான். டீம் பேரு ஜானீஸ். ரூல் தெரியலன்னு பயப்படாதீங்க, நாலு சான்ஸ்ல பத்து கஜம் முன்னேறணும், அது புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி.

இது காலேஜ் ஃபுட்பால்ல டிவிஷன் த்ரீங்குற பிரிவு, அதாவது ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்னு ஒரு டாலர் கிடையாது. இந்த பசங்கள்ல பெரும்பாலானவன் நாளைக்கு அக்கவுன்டன்டாவோ வாத்தியாராவோதான் போகப்போறான். அப்படிப்பட்ட டீம் விளையாட்ட பாக்க இவ்ளோ கூட்டம் ஏன்னு கேட்டேன், அங்கதான் மனுஷன் ஜான் கல்யார்டி கதைய ஆரம்பிச்சாரு, ஹாஃப் டைம் வரைக்கும் நிறுத்தல.

கல்யார்டி 1953ல இருந்து 2012 வரைக்கும் இங்க கோச். இவரு பிராக்டிஸ் பத்தி கேட்டா நம்பவே மாட்டீங்க. பிராக்டிஸ்ல டேக்கிள், அதாவது ஆள புடிச்சு கீழ தள்றது, பண்ணக்கூடாது. விசில் கிடையாது. (நம்ம பி.டி. சார விசில் இல்லாம ஒரு நாளாவது பாத்திருக்கோமா?) தண்டனைக்கு கிரவுண்ட சுத்தி ஓட்டம் கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இழுக்க மாட்டாரு. கொசு ஜாஸ்தியா இருந்தா பிராக்டிஸே வெளிய கிடையாது. "கோச்"னு கூப்பிடக்கூடாது, "ஜான்"னுதான் கூப்பிடணும். சேரணும்னு வர எவனையும் கழிச்சு விட மாட்டாரு. புல்லுல மல்லாக்க படுத்துட்டு பக்கத்துல இருக்கறவன்கிட்ட "இன்னிக்கு நாள் எவ்ளோ அழகா இருக்குல்ல"ன்னு சொல்றது கூட ஒரு ட்ரில்லாம். சும்மா ஜாலிக்குன்னு நெனச்சிராதீங்க, பிராக்டிஸ்ல எவனும் அடிபட மாட்டான், அந்த நேரத்தையெல்லாம் ஒரே ப்ளேவ (திட்டம் போட்டு ஆடுற மூவ்) திரும்ப திரும்ப ஓட்டி பாக்குறதுக்கு செலவு பண்ணாங்க.

2003ல நம்மாளு ரெண்டாவது வருஷம் படிச்சிட்டு இருந்தாராம். கிராம்ப்ளிங் காலேஜ் கோச் எடி ராபின்சனோட 408 வெற்றிதான் அப்போ காலேஜ் ஃபுட்பால் ரெக்கார்டு. நவம்பர் 8, பெத்தெல் காலேஜோட மேட்ச், இதே கிரவுண்ட், கூட்டம் 13 ஆயிரத்த தாண்டிருச்சு. 29-26, மூணே பாயின்ட்ல ஜெயிச்சு கல்யார்டிக்கு 409வது வெற்றி, புது ரெக்கார்டு. நம்மாளு அன்னிக்கு நின்னு பாத்த எடத்த கைய நீட்டி காட்டுனாரு, மரத்தடியில, உக்கார எடமே இல்லையாம்.

ரெக்கார்டோட கத முடியல. அதே சீசன் டிவிஷன் த்ரீ ஃபைனல், அதுக்கு பேரு ஸ்டாக் பவுல், டிசம்பர் 20, வர்ஜீனியால சேலம்ங்குற ஊருல. எதிர்ல ஒஹையோ மாநிலத்து மவுன்ட் யூனியன் காலேஜ், அதுக்கு முன்னாடி 10 சீசன்ல 7 கப் அடிச்சவங்க, தொடர்ச்சியா 55 மேட்ச் தோக்காம வந்து நிக்கிறாங்க. 2000 ஃபைனல்ல இதே டீம்கிட்டதான் ஜானீஸ் 10-7ன்னு தோத்தாங்க, அதுவும் கடைசி நொடில ஒரு ஃபீல்ட் கோல்ல (பந்த கம்பத்துக்கு நடுவுல ஒதச்சு எடுக்குற 3 பாயின்ட்). இந்த தடவ ஜானீஸ் 24-6ன்னு ஜெயிச்சாங்க. கடைசி குவார்ட்டர்ல மவுன்ட் யூனியன் கோட்டுக்கிட்ட வந்து எறிஞ்ச பந்த ஜானீஸ் பையன் மைக் ஸாஹர் நடுவுல புடிச்சு எதிர் கோடு வரைக்கும் முழு 100 கஜம் ஓடி டச்டவுன் போட்டதோட ஆட்டம் முடிஞ்சுது. 14க்கு 14 ஜெயிச்ச சீசன், கோச்சுக்கு அப்போ வயசு 77. டிவிஷன் த்ரீல பெஸ்ட் பிளேயருக்கு குடுக்குற கோப்பையோட பேரே கல்யார்டி டிராஃபி, அந்த வருஷம் அத வாங்குனதும் அவரு டீம்ல ஆடுன ப்ளேக் எலியட்தான்! கல்யார்டி ரிட்டயர் ஆகும்போது மொத்தம் 489 வெற்றி, 2018ல தவறிட்டாரு.

இத கேட்டுட்டு செகண்ட் ஹாஃப் பாக்கும்போது ஆட்டமே வேற மாதிரி இருந்துச்சு. டச்லைன்ல நிக்கிற பட்டாளத்த எண்ணி பாத்து பாதில விட்டுட்டேன், அவ்ளோ பசங்க.

மைனஸ்னா எல்லாம் என் தப்புதான். அலுமினிய பெஞ்சுல குஷன் இல்லாம போய் உக்காந்தேன், பக்கத்துல இருந்த பாட்டிங்க எல்லாம் போர்வையோட வந்து சொகுசா இருந்தாங்க. ஆன்லைன்ல வாங்குன ஹேண்ட் வார்மர், கம்பெனி பேரு வேணாம், ஒரு மணி நேரம் கூட சூடு தாங்கல. ரெண்டு சாக்ஸ் போட்டுட்டு போங்க.

மேட்ச் முடிஞ்சதும் உடனே கெளம்பாதீங்க, மேல இருக்குற மடத்து சர்ச்ச பாருங்க, மார்செல் ப்ராயர் டிசைன் பண்ண பெரிய கான்கிரீட் கட்டடம், முன்னாடி மணி தொங்குற பேனர் மாதிரி ஒரு சுவர் நிக்கும். சாமி கும்புடுறவங்க இருப்பாங்க, சத்தம் போடாம சுத்துங்க. அப்புறம் ஜானி பிரெட், சாமியாருங்க ரெசிப்பி, நல்லா கனமான கோதுமை பிரெட். ரெண்டு வாங்குனேன், ஒண்ணு செயின்ட் கிளவுட் வரதுக்குள்ளயே காலி, இன்னொண்ண வீட்டுல கோழி குழம்புல முக்கி சாப்ட்டோம். குஷன் ஆர்டர் போட்டாச்சு, அடுத்த ஹோம் கேமுக்கு வைஃபும் வராங்களாம்.