வால்வு ரேடியோ பழுதுபார்க்கக் கையால் செய்துகொண்ட கருவிகள்: ஒரு மதிப்பீடு

கண்ணாடிக் குழல் போன்ற வால்வுகளால் இயங்கும் ரேடியோக்களையும் முதல் தலைமுறை டிரான்சிஸ்டர் ரேடியோக்களையும் வீட்டு மேசையிலேயே பழுதுபார்த்து வருகிறேன். அந்த வேலைக்கென்று, கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு செய்துகொண்ட சில கருவிகளை, தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பிறகு இங்கே மதிப்பிடுகிறேன். மலிவு என்பதற்காக மட்டும் எதையும் பாராட்டவில்லை. 1950களில் வந்த ஒரு மர்ஃபி பெட்டியிலோ பிலிப்ஸ் பெட்டியிலோ பவர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால், அதே அளவில் இன்னொன்றைக் கடையில் கேட்டு வாங்க முடியாது, ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயிலில் திருகிச் சரிசெய்யும் உள்கட்டை உடைந்தாலும் அதே நிலைதான். ஆகவே கருவி வேலையை முடிக்கிறதா என்பதோடு, ரேடியோவுக்குப் புதிய காயம் எதுவும் உண்டாக்காமல் முடிக்கிறதா என்பதையும் பார்த்தே சொல்கிறேன்.

முதலிடம் சீரிஸ் பல்புக்கு. ஒரு பலகை, ஒரு பல்பு ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒரு சுவிட்ச், இவ்வளவே செலவு. ஃபேஸ் கம்பியில் பல்பைத் தொடராக இணைத்து, மின்சாரம் பல்பைக் கடந்த பிறகே ரேடியோவுக்குப் போகும்படி செய்ய வேண்டும். வயரிங் வேலை செய்பவர்கள் ஷார்ட் பார்ப்பதற்கு நெடுங்காலமாக வைத்திருக்கும் கருவிதான் இது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும். 230 வோல்ட், 60 வாட் பல்பின் டங்ஸ்டன் இழை முழு வெளிச்சத்தில் ஏறத்தாழ 880 ஓம் மின்தடை காட்டும். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ரேடியோ நல்ல நிலையில் இருந்து குறைவாக மின்னோட்டம் இழுத்தால் இழை சூடேறாமல் வழிவிடுகிறது. உள்ளே ஷார்ட் இருந்தால் இழை கொதித்துத் தானே தடுத்து நிற்கிறது. ரேடியோவுக்குள் எவ்வளவு பெரிய ஷார்ட் இருந்தாலும் கால் ஆம்பியருக்குச் சற்று மேல் போகாது என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்துக்கொள்ளும்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த ஒரு பெட்டியை இதில் மாட்டி முதன்முறை சுவிட்ச் போடும் நேரத்தை ஒவ்வொரு முறையும் கவனமாகப் பார்க்கிறேன். வால்வுகளின் ஹீட்டர்கள் குளிர்ந்திருப்பதால் பல்பு முதலில் நன்றாக எரிந்து, சில நொடிகளில் தணியும். பிறகு மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசையாக்கும் ஈசட் 80 போன்ற ரெக்டிஃபையர் வால்வு சூடேறி, அதைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் நிரம்பத் தொடங்கும்போது வெளிச்சம் மீண்டும் சற்று ஏறி, பின் மங்கலான செம்மஞ்சளில் நிலைத்து நிற்கும். இந்த ஏற்ற இறக்கம் தெரிந்தால் மேற்கொண்டு போகலாம். தணியாமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். நிலைத்த பிறகு மெல்ல மெல்ல வெளிச்சம் கூடிக்கொண்டே போனால், நான் முதலில் ஐயப்படுவது ஒலிபெருக்கியை இயக்கும் ஈஎல் 84 வால்வின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) ஒலி அலையை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கண்டென்சரைத்தான். மெழுகு பூசிய அந்தக் காகிதக் கண்டென்சர்கள் காலப்போக்கில் கசிந்து, கிரிட்டில் நேர்மின்னழுத்தத்தை ஏற்றி, வழக்கமாக 48 மில்லி ஆம்பியர் அளவில் ஓட வேண்டிய வால்வைத் தகடு சிவக்கும் வரை கொண்டுபோய் விடுகின்றன.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பல்பு தொடரில் இருக்கும்வரை ரேடியோவுக்கு முழு மின்னழுத்தம் கிடைக்காது. அப்போது மீட்டரில் வரும் அளவுகளை வைத்து வால்வைக் குறை சொல்லக்கூடாது. மற்றது உயிர் பற்றியது. யுசிஎச் 81, யுஎல் 84 என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் கொண்ட பெட்டிகளில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, சேசிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) நேரடியாக மெயின்ஸோடு, அதாவது வீட்டு மின்சாரத்தோடு, தொடர்புகொண்டிருக்கும். சீரிஸ் பல்பு அதைச் சிறிதும் பிரித்துவிடாது, பல்பு இருக்கிறது என்ற தைரியத்தில் அந்தச் சேசிஸைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது கண்டென்சரை வெறுமையாக்கும் குச்சி. மை தீர்ந்த ஒயிட் போர்டு மார்க்கர் ஒன்றின் கூட்டுக்குள் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை வைத்து, ஒரு முனையில் கூரான பித்தளைக் கம்பியும் மறுமுனையில் நீண்ட வயரோடு முதலை கிளிப்பும் பொருத்தினேன். கிளிப்பைச் சேசிஸில் கடித்துவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, குச்சி முனையால் ஃபில்டர் கண்டென்சரைத் தொட்டால் 50 மைக்ரோ ஃபாரட், 300 வோல்ட் கண்டென்சர் மூன்று நொடிக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் ‘பட்’டென்று பொறி பறக்க விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்தப் பொறி கண்டென்சரின் உள் இணைப்பையும் கம்பி பற்றவைக்கும் டேகையும் தின்கிறது, கையும் அதிர்ந்து பக்கத்து வால்வில் இடிக்கிறது. சில ரூபாய் ரெசிஸ்டர் ஒன்று இதைத் தவிர்த்துவிடும் என்பதால் இந்தக் குச்சியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

சால்டரிங் அயர்னைப் பொறுத்தவரை, பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் 25 வாட் அயர்னே என்னிடமும் இருக்கிறது. அதன் பிட் (சூடாகும் முனை) மீது 1.5 சதுர மில்லி மீட்டர் செப்புக் கம்பியை ஆறேழு சுற்று இறுக்கிச் சுற்றி, முனையை ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் நீட்டி, அரத்தால் கூராக்கினால் டிரான்சிஸ்டர் ரேடியோவின் நெருக்கமான போர்டுக்கு ஏற்ற மெல்லிய முனை கிடைக்கிறது. ஆனால் இதை நீண்டகாலத் தீர்வாகச் சொல்ல மாட்டேன். வெறும் செம்பை உருகிய ஈயக் கலவையில் உள்ள வெள்ளீயம் கரைத்துக்கொண்டே போகும். சில நாள் வேலையிலேயே முனை குழி விழுந்துவிடும். சுற்றுக்கும் பிட்டுக்கும் இடையே கருப்பு படிந்து சூடு இறங்குவதும் குறையும். கடையில் விற்கும் பிட்டுகளுக்கு இரும்பு முலாம் பூசுவது இந்த அரிப்பைத் தடுப்பதற்காகவே. அவசரத்துக்கு நன்று, வாரந்தோறும் வேலை இருப்பவர் மெல்லிய பிட் ஒன்றை வாங்கிவிடலாம். வால்வு சேசிஸில் நேரடியாகப் பற்றவைத்த எர்த் இணைப்புகளை எடுக்க இந்த 25 வாட் எந்த உபாயத்தாலும் போதாது. இரும்புத் தகடு முழுவதும் சூட்டை வாங்கிக்கொள்ள, இணைப்பு குழைந்து நிற்குமே தவிர உருகாது. அதற்குக் கனத்த பிட் உள்ள 100 வாட் அயர்ன்தான் வேண்டும்.

அதே அயர்னுக்குச் செய்த இன்னொரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சுவிட்ச் பெட்டியில் 1என்4007 டையோடு ஒன்றைத் தொடரில் வைத்து, அதற்குக் குறுக்கே ஒரு சுவிட்ச் போட்டேன். சுவிட்ச் திறந்திருக்கும்போது மின்னலையின் ஒரு பாதி மட்டுமே போவதால் அயர்ன் பாதி வாட்டில் காய்ந்துகொண்டிருக்கும். மூடினால் விரைவில் முழுச் சூட்டுக்கு வந்துவிடும். பழைய ரேடியோ வேலையில் அயர்ன் கையில் இருக்கும் நேரத்தைவிட ஸ்டாண்டில் இருக்கும் நேரமே அதிகம் என்பதால் பிட்டின் ஆயுள் கண்கூடாக நீண்டிருக்கிறது. மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அயர்னுக்கு மின்சாரம் எடுப்பவர் இதைச் செய்யக்கூடாது. ஒருதிசை மின்னோட்டம் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரைத் திணறச் செய்யும்.

பழைய ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னலை ஒயரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. எந்த ஒயர் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்றைய கேபிள் டி.வி. ஒயர்களில் பெரும்பாலும் இருப்பது அலுமினியப் பின்னல். அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. பழைய மைக் ஒயரின் செப்புப் பின்னலை உருவி, ரோசின் என்ற பைன் மரப் பிசினைப் பொடித்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்த கரைசலில் நனைத்து உலர்த்தினேன். கடையில் வாங்கும் பின்னல் அளவுக்கு நுண்மை இல்லை. வால்வு ரேடியோவின் பெரிய டேகுகளுக்கு அதுவே தாராளம். கம்பியை டேகைச் சுற்றி முறுக்கிய பிறகே அக்காலத்தில் பற்றவைத்தார்கள், ஆகவே ஈயத்தை முழுதாக எடுத்தால்தான் முறுக்கைப் பிரிக்க முடியும். எடுக்காமல் பிளையரால் இழுத்தால் வால்வு சாக்கெட்டின் பின் கையோடு வந்துவிடும்.

அச்சிட்ட போர்டு உள்ள ரேடியோக்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் புதிய ஊசி பெரிய உதவி. அதன் சாய்ந்த கூர்முனையை நேராகத் தேய்த்துவிட்டு, கண்டென்சரின் கால் மீது குழல்போல நுழைத்து, ஈயம் உருகியதும் சுழற்றினால் கால் தனியாகப் பிரிந்து நிற்கும். துருப்பிடிக்காத எஃகில் ரோசின் ஈயம் பிடிக்காது. மஞ்சள் தலை கொண்ட 20 கேஜ் ஊசி பெரும்பாலான ஓட்டைகளில் நுழைகிறது. ஓசி 44, ஓசி 71 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் கால்களில் இதைச் செய்யும்போது, உடலுக்கும் பற்றுக்கும் இடையே ஒரு முதலை கிளிப்பைக் கடிக்கவிட்டால் சூடு அதிலே நின்றுவிடும். ஜெர்மானியம் சூட்டைத் தாங்காது.

பற்று நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் விஷயத்தில் மட்டும் உபாயங்களுக்கு இடமில்லை. பொற்கொல்லர் பற்றாசுக்கு வெங்காரம் வைப்பதைப் போல ஒவ்வோர் உலோக வேலைக்கும் உரிய துணைப்பொருள் உண்டு. ரேடியோவுக்கு அது ரோசின். துத்தநாகக் குளோரைடு கலந்த பேஸ்ட், தகர வேலைக்கு உரியது. அதைக்கொண்டு முன்பு யாரோ பற்றவைத்த ஒரு பெட்டி என் கைக்கு வந்தபோது, இணைப்புகளைச் சுற்றிப் பச்சை பூத்து, காயிலின் மயிரிழைக் கம்பிகள் அடியோடு அரித்துப்போயிருந்தன.

ஐ.எஃப். டியூனிங்குக்கு நான் செய்த மூங்கில் திருப்புளி, சீரிஸ் பல்புக்கு அடுத்த இடத்தைப் பெறுகிறது. எஃகு ஸ்க்ரூடிரைவர் காயிலுக்குள் போனதும் அதன் தூண்டல் அளவே மாறிவிடும். 455 கிலோ ஹெர்ட்ஸில் சரியாக வைத்துவிட்டோம் என்று எண்ணிக் கருவியை வெளியே எடுத்தால் மீண்டும் விலகியிருக்கும். அதைவிட, இறுகிய கட்டையில் எஃகு முனை போட்டுத் திருகினால் காடி உடைந்துபோகிறது. ஒரு காயிலை அப்படி இழந்திருக்கிறேன், அது இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. நன்கு காய்ந்த மூங்கில் குச்சியின் நுனியை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து, காடியின் அகலத்துக்குச் சரியாகப் பொருத்திக்கொண்டால், கட்டை அசைய மறுக்கும்போது குச்சிதான் முதலில் நசுங்கும். அப்போது நிறுத்திவிட்டு, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் மெழுகை இளக்கி மீண்டும் மெதுவாகத் திருப்பலாம். குச்சி நசுங்கினால் நுனியை வெட்டி மறுபடி தேய்த்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

மெயின்ஸ் மின்சாரத்தை எதிர்கொள்ளும் பொருள்களில், சீரிஸ் பல்பு பலகையையும் அயர்னின் சுவிட்ச் பெட்டியையும் தவிர வேறெதையும் நானே செய்வதில்லை. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர் புரோப், மூன்று பின் கார்டு, ஃபியூஸ் ஆகிய நான்கையும் தரமானவையாகக் கடையில் வாங்குகிறேன். பழைய பெட்டிகளில் ஃபியூஸுக்குப் பதில் ஒற்றை இழைச் செப்புக் கம்பி கட்டியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். சீரிஸ் பல்பில் மாட்டும் முன்பே அதைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பின்பலகையில் எழுதியிருக்கும் அளவிலேயே கண்ணாடி ஃபியூஸ் போடுகிறேன்.