"வென் யூ வில்" திருந்த எது உதவியது: நான்கு பயிற்சிகள்

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் எனக்கு ரிசப்ஷன் வேலை, சேலத்திலிருந்து தினமும் பஸ். சேர்ந்த புதிதில் ஒரு பெங்களூர் குடும்பத்திடம் "வென் யூ வில் செக் அவுட்?" என்று கேட்டேன். அவர்களுக்குப் புரிந்தது, பதிலும் சொன்னார்கள். ஆனால் கூட வந்த பத்து வயசுப் பையன் "வென் வில் யூ" என்று அம்மாவிடம் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்துவிட்டது.

ஆங்கிலச் சொல் வரிசையைத் திருத்த முதலில் பிடித்தது, கலைத்துப் போட்ட சொற்களை அடுக்கும் பயிற்சி. பள்ளிக்கூடத்திலும் இதுதான், போன் ஆப்களிலும் இதுதான். மதிப்பெண் நன்றாக வரும், ஆனால் அதை நம்பாதீர்கள். கேப்பிடல் எழுத்துச் சொல் முதலில், கேள்விக்குறி ஒட்டிய சொல் கடைசியில், நடுவில் மிஞ்சுவது இரண்டு மூன்றுதான். அதைவிடப் பெரிய குறை, கேள்விக்கு வேண்டிய "டிட்" அங்கே ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருக்கும். ரிசப்ஷனில் நிற்கும்போது அதை யார் எடுத்துக் கொடுப்பார்?

அடுத்தது தமிழையே ஆங்கில வரிசையில் போட்டுப் பார்ப்பது. "பையன் நாயைத் துரத்தினான்", "நாயைப் பையன் துரத்தினான்" இரண்டும் நமக்கு ஒன்றுதான், அந்த ஐ உருபு பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஒரு உருபு கிடையாது, இடத்தை மாற்றினால் நாய் பையனைத் துரத்தும். நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு நடுவில். ஆனால் "குடுத்துட்டேன் சாவியை அவர்கிட்ட" என்று சேலத்தில் யார் சொன்னாலும் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், அதாவது வினையை முன்னால் தள்ளும் பழக்கம் நம் பேச்சிலேயே இருக்கிறது. "நான் கொடுத்தேன் சாவியை அவரிடம்" என்று சொல்லிவிட்டு "ஐ கேவ் தி கீ டு ஹிம்" என்றால் நாக்கு திக்காது, கடைசியில் "அவரிடம்" மட்டும் "டு ஹிம்" என்று தலைகீழாகும்.

கேள்வி என்று வந்தால் இது படுத்துவிடுகிறது. "வந்தாரா" என்பதில் ஒரு ஆ போதும். ஆங்கிலத்தில் அதற்கு "டிட்" என்று ஒரு தனிச்சொல் முன்னால் வந்து நின்று, இறந்தகாலத்தையும் தானே வாங்கிக்கொள்ள, "கேம்" திரும்பவும் "கம்" ஆகிவிடுகிறது. "நேற்று வந்த குடும்பம்" என்பதும் அப்படித்தான்: "தி ஃபேமிலி தட் கேம் யெஸ்டர்டே" என்று குடும்பம் முன்னால் போய்விடும், தமிழில் "குடும்பம் நேற்று வந்த" என்றால் பாதியில் நிற்கும்.

அந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது கட்டம் போட்டுச் சொல்வது. 1922இல் ஜப்பானுக்குப் போய் ஆங்கிலக் கல்விக்கு ஆலோசகராக இருந்த ஹரால்ட் பாமர் வலியுறுத்திய பழைய முறை, பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். முதல் கட்டத்தில் வேர், வென், ஹவ். இரண்டாவதில் டிட், வில், கேன். மூன்றாவதில் யூ, ஷி, தே, யுவர் ஃபிரெண்ட். நான்காவதில் கோ, ஈட், ஸ்லீப், பே, பார்க். கட்டத்துக்கு ஒன்றாக எடுத்தால் 180 கேள்விகள், ஒன்றுகூட வரிசை தப்பாது. மலையேறும்போது கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு கேள்வி, 20 வளைவுக்கு 20. பஸ் திரும்பும் வேகத்தில் யோசிக்க நேரமில்லை, அதுதான் வேண்டும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கட்டம் ஊறிப்போனதும் "ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி மேனேஜர்" என்று வர ஆரம்பித்தது. அங்கே "வேர் தி மேனேஜர் இஸ்" தான் சரி. சரி என்று அதற்கும் "ஐ டோன்ட் நோ", "கேன் யூ டெல் மீ" வைத்துத் தனியாக ஒரு கட்டம் போட்டேன்.

இயர்போனில் கேட்டுக் கூடவே சொல்வதையும் ஒரு மாதம் பார்த்தேன். உச்சரிப்புக்கு நல்லது, வரிசைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, பக்கத்து சீட்டுக்காரர் முறைத்ததுதான் மிச்சம்.

இப்போது ஏறும்போது கட்டம், இறங்கும்போது தமிழைத் திருப்பிப் போடுவது. போன வாரம் ஒருவரிடம் "வென் வில் யூ செக் அவுட்?" தானாக வந்தது. சண்டே என்றார். "இன் சண்டே, ஓகே சார்" என்று எழுதிக்கொண்டேன். "ஆன்" வரவேண்டிய இடமாம், அது வேறு கணக்கு.