தேங்க் யூ பக்கம் வரை வராதவர்கள்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். "மாப்ள, விளம்பரக் கணக்குல 15 ஆர்டர்னு காட்டுது, கடையில 26 வந்திருக்கு. இந்த டிராக்கிங்கை எடுத்துட்டு வேற எதாவது போடட்டுமா?" கூகுள் விளம்பரத்திலிருந்து வந்து எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுகிற ஏற்பாடு அது. எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இது.

என் மனைவியின் ஊர் சின்னாளப்பட்டி. அங்கிருந்து சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம். கூகுள் விளம்பரம், டேக் மேனேஜர் (டேக் என்பது ஆர்டர் நடந்ததைக் கூகுளுக்குச் சொல்லும் சின்னக் கோடு, அவற்றை வைத்து நிர்வகிக்கும் கருவி இது), ஜிஏ4 (தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ்) மூன்றோடும் மூன்று வருடமாகக் குடித்தனம். டேக் போடுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்: டேக் மேனேஜரின் ப்ரிவியூ, அதாவது சோதித்துப் பார்க்கும் வசதி. எந்தப் பக்கத்தில் எந்த டேக் ஓடியது, எது ஓடவில்லை, எந்த நிபந்தனை இடித்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிடும். ஆர்டர் தொகை 1,299 என்று கமாவோடு போய்க்கொண்டிருந்ததை அதில்தான் பிடித்தேன். இப்படி ஒன்றை இலவசமாகத் தருகிறார்களே என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஒரே ஆபத்து, ப்ரிவியூவில் எல்லாம் ஓடுகிற சந்தோஷத்தில் சப்மிட் பட்டனை அழுத்த மறந்துவிடுவது. அழுத்தினால்தான் மாற்றம் நிஜத் தளத்துக்குப் போகும். ஒரு தடவை இரண்டு நாள் அப்படிப் போனது. அது என் தப்பு.

முதல் வருடம் எண்ணிக்கை கூடுதலாக வந்தது. விளம்பர டேக் ஒன்று, ஜிஏ4-இலிருந்து இறக்கிய பர்ச்சேஸ் ஒன்று, இரண்டையும் பிரைமரியாக, அதாவது எண்ணிக்கையில் சேர்கிற மாதிரி, வைத்திருந்தேன். ஒரு சேலைக்கு இரண்டு கணக்கு. போதாததற்கு, பணம் கட்டியதும் வரும் தேங்க் யூ பக்கத்தில்தான் டேக் ஓடும். சிலர் அதை மூடாமலே வைத்திருப்பார்கள், பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் அது மறுபடி லோடாகும், மறுபடி ஒரு கணக்கு. ஒன்றைப் பார்வைக்கு மட்டும் இருக்கிற செகண்டரி ஆக்கி, ஒரே ஆர்டர் இரண்டு தடவை எண்ணப்படாமல் இருக்க ஆர்டர் எண்ணை டிரான்ஸாக்‌ஷன் ஐடியாக அனுப்பியதும் அது நின்றது. இதெல்லாம் பரவாயில்லை, ஒரு நாள் வேலை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது அதற்கு அப்புறம் வந்த குறைச்சல். கடைக்கு ஆர்டர் வரும், கணக்கில் ஏறாது. ப்ரிவியூவில் பார்த்தால் எல்லாம் சரி. தேதிக் குழப்பமோ என்று கொஞ்ச நாள் அலைந்தேன். கூகுள் விளம்பரத்தில் கன்வர்ஷன், அதாவது விளம்பரத்தால் நடந்த விற்பனை, கிளிக் நடந்த நாளில் பதிவாகும், ஜிஏ4-இல் வாங்கிய நாளில். ஞாயிறு கிளிக் செய்து வியாழன் வாங்கினால் இரண்டும் ஒத்துப்போகாது. ஆனால் மாதக் கணக்கிலும் இடித்தது. ஆப்பிள் போன்களில் சஃபாரி பிரவுசர் குக்கீயை (வந்தவர் யார் என்று தளம் பிரவுசரில் வைக்கும் குறிப்பு) சீக்கிரம் அழித்துவிடுவதாலோ என்று பார்த்தால், எங்களிடம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு.

கண்டுபிடித்துக் கொடுத்தது என் மாமியார். சோதனைக்கு ஒரு ஆர்டர் போடுங்கள் என்று அவர் போனிலேயே போடச் சொன்னேன். யுபிஐ ஆப் திறந்தது, பின் போட்டார், பச்சை டிக் வந்தது, போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். "திரும்ப நம்ம கடைப் பக்கத்துக்குப் போங்க அத்தை" என்றேன். "காசுதான் போயிருச்சே, அப்புறம் எதுக்கு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பிரவுசர் டேப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கிறது, தேங்க் யூ பக்கம் லோடாகவே இல்லை, டேக் எப்படி ஓடும்? மூன்று வருடமாக நான் சோதித்ததெல்லாம் லேப்டாப்பில், கார்டு போட்டு. கடையின் ஆர்டர் எண்களையும் பதிவான எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விட்டுப்போனவை ஏறக்குறைய எல்லாமே யுபிஐ. எரிச்சல் எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை. தானாக ஏலம் கேட்கும் முறையில் இருந்தோம், பதிவான ஆர்டர்களைப் பார்த்து எந்தக் கிளிக்குக்கு எவ்வளவு கொடுப்பது என்று கூகுளே முடிவு செய்யும். யுபிஐ-காரர்கள் அதன் கண்ணிலேயே படவில்லை என்றால், அது கார்டு போடுகிறவர்கள் பின்னாலேயே ஓடும்.

இப்போது செய்திருப்பது இது. விளம்பரத்திலிருந்து வருகிறவரின் ஜிசிஎல்ஐடியை (ஒவ்வொரு கிளிக்குக்கும் கூகுள் கொடுத்து, முகவரியில் ஒட்டி அனுப்பும் அடையாள எண்) ஆர்டரோடு சேமிக்கிறோம். பணம் வந்ததும், பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே நேராக எங்கள் சர்வருக்குத் தகவல் சொல்லும், வாடிக்கையாளர் திரும்பி வரத் தேவையில்லை. இரவில் அந்தப் பட்டியல் கூகுள் விளம்பரக் கணக்கில் ஏறும். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும். பழைய டேக்கை செகண்டரிக்குத் தள்ளிவிட்டேன். முதல் வாரம் பாதி ஆர்டரில் ஜிசிஎல்ஐடி காலி! விளம்பரத்தில் கொடுத்த முகவரியில் டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லை. எங்கள் தளம் அதைச் சேர்த்துத் திருப்பிவிடும்போது கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம், ஜிசிஎல்ஐடியையும் சேர்த்து, வெட்டி எறிந்துகொண்டிருந்தது.

கூகுளின் இந்த டிராக்கிங்குக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஐந்து. காலையில் கேட்டிருந்தால் ஏழு போட்டிருப்பேன், இப்போதுதான் கணக்கைத் திறந்தேன், ஒரு விளம்பரத்துக்கு 0.33 கன்வர்ஷன் என்கிறது. ஒரே விற்பனையின் பெருமையை அதற்கு முன் நடந்த பல கிளிக்குகளுக்குப் பங்கு போடும் முறை, புரிகிறது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு சேலையை யாருக்கு மடித்து அனுப்ப?

நண்பனிடம் விட்டுப்போன 11 ஆர்டர்களும் எப்படிப் பணம் கட்டப்பட்டவை என்று பார்க்கச் சொன்னேன். நேற்று ராத்திரி அனுப்பினான். 9 யுபிஐ. மீதி இரண்டும் கேஷ் ஆன் டெலிவரியாம். அது ஏன் விட்டுப்போகிறது என்று எனக்கும் பிடிபடவில்லை, ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன்.